பொருநையின் கடைமடையில் புயல் மழையும் அதன்பின் செய்ய வேண்டுவனவும்

பொதிகை மலையில் உற்பத்தியாகும் தாமிரபரணி நதி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் தூரம் ஓடிப் புன்னக்காயலில் கடலோடு கலக்கிறது. இந்நதியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு பழங்காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கடைசி இரண்டான மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் நான்கு கால்வாய்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட குளங்களை நிரப்பி, தூத்துக்குடி ஜில்லாவில் ஏறக்குறைய 46,000 ஏக்கர் நன்செய்க்கு ஜீவாதாரமாக இருக்கின்றன. இக்குளங்களின் கீழ் நெல்லும் வாழையும் வெற்றிலையும் பயிரிடும் குடியானவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் கவலை, கடைமடைக்கு நீர் வந்து சேருமா என்பதே. ஆகையால் அவர்களுடைய கவனமெல்லாம் நீரைக் கொண்டு வருவதிலும் தேக்குவதிலும் சென்றதேயன்றி, மிகுந்த நீரை வெளியேற்றுவதில் அவ்வளவாகச் செல்லவில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் பெய்த பெருமழை இந்தக் குறையை நன்கு விளங்கச் செய்தது. அம்மழையால் நேர்ந்த சேதங்களையும், அவற்றின் காரணங்களையும், குடியானவர்கள் கைக்கொள்ளத்தக்க பரிகாரங்களையும் இங்கு விவரிப்போம்.

காற்றால் வரும் கேடும் மழையால் வரும் கேடும்

வங்காள விரிகுடாவில் உண்டாகும் புயல்கள் நிலத்துக்கு இரு விதமாகக் கேடு செய்கின்றன. முதலாவது காற்றின் வேகத்தாலும் அதனால் எழும் கடற்பெருக்காலும் உண்டாவது. 1964-ம் வருஷம் டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயல் இவ்வகையைச் சேர்ந்தது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த ‘கஜா’ புயல் தஞ்சை டெல்டாவின் தென்பகுதியில் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்ததும் காற்றினாலேயே. இரண்டாவது வகைக் கேடு மழையால் விளைவது. காற்று பலமாக வீசாவிடினும், புயற்சின்னம் ஓரிடத்தில் தங்கி, கடலிலிருந்து ஈரக் காற்றை இடைவிடாது நிலத்தின்மேல் இழுத்துக்கொண்டிருக்குமானால், சில மணி நேரத்தில் ஒரு வருஷத்து மழை முழுவதும் பெய்துவிடக்கூடும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் புயல் என்றால் பெரும்பாலும் இவ்விரண்டாவது கேட்டையே கருத வேண்டும். இலங்கைத் தீவு கிழக்கே அரணாக நிற்பதால், மன்னார் வளைகுடாக் கரையை உக்கிரமான புயல் நேராகத் தாக்குவது அரிது. ஆனால் 1992-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி தூத்துக்குடிக்கு அருகே கரை கடந்த புயல், மலைப்பிரதேசத்தில் பெருமழையைப் பெய்வித்து, ஆற்றில் பெருவெள்ளத்தை உண்டாக்கிப் பல உயிர்களைக் கொண்டு சென்றது. 2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி கன்னியாகுமரிக்குத் தெற்கே சென்ற ‘ஒக்கி’ புயலோ கடலுக்குச் சென்ற மீனவர்களுக்குப் பேராபத்தாக முடிந்தது. 2023-ம் வருஷத்து மழைக்குக் காரணமாயிருந்ததைப் புயல் என்றுகூடச் சொல்வதற்கில்லை. குமரிக் கடற்பகுதியின்மீது நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சியே அது. பெயரிடப்பட்ட புயலுக்கு மட்டும் அஞ்சி, பெயரில்லாத மழையை அலட்சியம் செய்வது தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

“கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை” என்பது நாட்டு வழக்கு. பெரும்பாலான வருஷங்களில் இது உண்மையே. ஆயினும் 2023-ம் வருஷத்துப் பெருமழை பெய்தது மார்கழி முதல் நாளில். 1964-ம் வருஷத்துப் புயல் வந்ததும் மார்கழியிலேயே. ஆகவே தை பிறக்கும் வரையில் காவல் தளரலாகாது.

முதியோர் நினைவிலும் காணாத மழை

2023-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி காலை 8½ மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மாஞ்சோலையில் 55, கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறக்குறைய 65 சென்டிமீட்டர்தான்.

இந்த அளவின் பொருளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 95 சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் விழுமானால் அது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நீராகும். ஒரு சதுர மைல் நிலத்தில் விழும் நீர் 8 கோடியே 70 லட்சம் கன அடி. இது 24 மணி நேரத்தில் ஒரே சீராக வெளியேற வேண்டுமானாலும், ஒவ்வொரு சதுர மைலிலிருந்தும் விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஓடியாக வேண்டும். எந்தக் குளத்தின் மறுகாலும், எந்த வடிகாலும் இத்தகைய மழைக்கென்று அமைக்கப்பட்டதன்று.

ஆற்றிலும் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேற்பட்ட வெள்ளம் வந்தது. ஏரல் பட்டணம் நீரில் மூழ்கிற்று. அங்குள்ள ஆற்றுப் பாலத்தை அடுத்த சாலை அறுத்துக்கொண்டு போயிற்று. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், ஏறக்குறைய 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. அண்டை ஊரார் தங்களிடமிருந்ததைச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். முகத்துவாரத்திலுள்ள புன்னக்காயல் சாலைத் தொடர்பற்றுத் தீவு போலாயிற்று. சாலைகள் யாவும் ஆறாகிவிட்ட அந்நாட்களில், கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்து, வெள்ளத்தில் அகப்பட்டவர்களை மீட்டது என்றும் நினைவு கூரத்தக்கது. இராணுவ ஹெலிகாப்டர்கள் ஆகாய மார்க்கமாக உணவுப் பொட்டலங்களை இட்டன.

நீர் வந்த வழிகள் மூன்று

கடைமடையை அடைந்த நீர் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, மலைப்பிரதேசத்தில் பெய்து, பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் வழியாக இறங்கிய நீர். இதை ஓரளவுக்குத் தேக்கவும் நேரம் பார்த்துத் திறக்கவும் இயலும். இரண்டாவது, சிற்றாறு, பச்சையாறு முதலிய உபநதிகளின் நீர். பெரிய நீர்த்தேக்கங்களால் அடக்கப்படாத இந்நதிகள் தாம் பெற்றதை உடனே ஆற்றில் சேர்த்துவிடுகின்றன. மூன்றாவது, கடற்கரையோரச் சமவெளியிலேயே விழுந்த மழை. 2023-ம் வருஷத்தில் மழை மிகக் கடுமையாகப் பெய்தது இச்சமவெளியிலேதான். இதை எந்த அணையும் தடுக்க முடியாது. அது விழுந்த இடமே வயல்.

வெள்ள நீரைத் தாமிரபரணியிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றுக்குத் திருப்பும் கால்வாய் 2009-ம் வருஷம் தொடங்கப்பட்டு, 2025-ம் வருஷம் பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்து வறண்ட நிலங்களுக்கு அது பெரும் நன்மை செய்யக்கூடியது. ஆனால் அக்கால்வாய் நீர் பெறுவது மேலே, கன்னடியன் அணைக்கட்டிலிருந்து. அதற்குக் கீழே சமவெளியில் விழும் மழைக்கு அது வடிகாலாகாது. ஆதலால் அது ஒன்றே போதும் என்று கடைமடைக் குடியானவர்கள் நினைத்திருப்பது பொருந்தாது.

கடைமடை நிலத்தின் இயல்பு

பண்டைக் காலத்தில் பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு நூற்றாண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டலே கடலைத் தள்ளி இந்நிலத்தை உண்டாக்கிற்று. மண் வளமானதற்குக் காரணம் இதுவே. நீர் எளிதில் வடியாததற்குக் காரணமும் இதுவே. நிலத்தின் சாய்வு மிகவும் குறைவு. கடல் மட்டத்துக்கும் வயலுக்கும் உள்ள உயர வித்தியாசம் சில அடிகளே. கீழ்க்காற்று பலமாக வீசிக் கடல் கொந்தளிக்கும்போது, முகத்துவாரத்தில் ஆற்று நீர் தடைப்பட்டுத் தயங்குகிறது. மேலும் சாலைகள், இரயில் பாதை, உப்பளங்களின் வரப்புகள் ஆகியவை நீரின் குறுக்கே கரைகள்போல் நிற்கின்றன. அவற்றின் அடியிலுள்ள பாலங்களும் குழாய்களும் எவ்வளவு நீரை விடுமோ அவ்வளவே கடலுக்குச் செல்லும்.

குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. மேற்குளம் மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்துக்கு வருகிறது. சாதாரண வருஷங்களில் இது சிறந்த ஏற்பாடு. ஒரு சொட்டும் வீணாவதில்லை. ஆனால் மேற்குளத்தின் கரை உடையுமானால், அது தேக்கிவைத்திருந்த நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழ்க்குளத்தில் வந்து விழும். கீழ்க்குளத்தின் மறுகால் அதைத் தாங்காது. அதன் கரையும் உடையும். இவ்வாறு ஓர் உடைப்பு பல உடைப்புகளுக்குக் காரணமாகிறது. ஆகையால் ஓர் ஊரின் குளத்துக் கரை அவ்வூருக்கு மட்டும் உரிய விஷயமன்று.

ஓடும் நீரைவிட நின்ற நீரே கொடியது

மழை பெய்த அன்று வயல் மூழ்குவதை எவராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மூழ்கிய வயல் எத்தனை நாள் மூழ்கியிருக்கிறது என்பது வடிகாலின் நிலைமையைப் பொறுத்தது. இதுவே இக்கட்டுரையின் முக்கியமான கருத்தாகும்.

ஓர் உதாரணம் கூறுவோம். நூறு ஏக்கர் வாழைத் தோட்டத்தில் ஓர் அடி ஆழம் நீர் நிற்பதாகக் கொள்வோம். அந்நீர் 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி. விநாடிக்கு 50 கன அடி ஓடக்கூடிய வடிகால் ஒன்று இருக்குமானால், மழை நின்றபின் ஏறக்குறைய ஒரே நாளில் அது வடிந்துவிடும். அதே வடிகால் தூர்ந்து, அமலைச்செடி எனப்படும் ஆகாயத்தாமரை மண்டி, சீமைக்கருவேல் அடைத்து, விநாடிக்கு 10 கன அடியே ஓடும் நிலைக்கு வந்திருக்குமானால், வடிவதற்கு ஐந்து நாட்களாகும். வாழையின் வேர் சுவாசிக்கக் காற்று வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் நீர் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்குகிறது. ஐந்து நாட்களில் தோட்டம் தேறுவது அரிது. ஒரு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து உழைப்பு.

வாழைக்குச் செய்ய வேண்டியது

நீர் வடிந்தவுடன் தோட்டத்தினுள் இரண்டு வரிசைகளுக்கு ஒன்றாக ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, மண்ணில் ஊறி நிற்கும் நீரையும் வெளியேற்ற வேண்டும். சாய்ந்தும் குலை தள்ளாமலும் அழுகியும் போன மரங்களை வெட்டித் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும். நிற்கும் மரங்களுக்கு மண் ஓரளவு காய்ந்தபின் அடியில் மண் அணைத்து, குலை தள்ளியவற்றுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளத்தால் சத்துகள் கரைந்து போயிருக்குமாதலால், வழக்கமாக இடும் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் கால் பங்கு கூட்டி இடுவது நலம். ஆனால் ஈரம் வற்றாத மண்ணில் உரமிடுவது பயன் தராது.

வாடல் நோய்க்குக் காரணமான பூசணம் வெள்ள நீரோடு தோட்டத்துக்குத் தோட்டம் பரவக்கூடியது. ஆகையால் அடுத்த சாகுபடிக்குக் கன்றெடுக்கும்போது, அடித்தண்டைப் பிளந்து பார்த்துச் செந்நிறக் கோடுகள் காணப்படும் மரங்களின் கன்றுகளை அறவே விலக்க வேண்டும். வெள்ளத்துக்குப்பின் மலிவாகக் கிடைக்கிறதென்று எங்கிருந்து வந்ததென்று அறியாத கன்றை வாங்கி நடுவது நஷ்டத்தை இரட்டிப்பாக்குவதாகும்.

பிசான நெல்

மார்கழியில் பிசானப் பயிர் நடவு முடிந்தோ தூர் கட்டும் பருவத்திலோ இருக்கும். தூர் கட்டிய பயிர் இலை நுனி வெளியே தெரியும்படி நின்ற நீரில் சில நாட்கள் பிழைத்திருக்கும். முற்றிலும் மூழ்கிய இளம் பயிர் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது அரிது. நீர் கலங்கலாயிருந்தால் இன்னும் விரைவில் அழியும், ஏனெனில் வெயில் இலையைச் சென்றடைவதில்லை.

நீர் வடிந்தபின் வயலைச் சுற்றிப் பார்த்து, குருத்து பச்சையாயிருக்கும் பயிரை அவசரப்பட்டு உழுதுவிடலாகாது. செத்த இடங்களில், நன்றாகத் தூர் கட்டிய பயிரைப் பிரித்து எடுத்து நடலாம். ஏக்கர் ஒன்றுக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வயலில் தூவினால் பயிர் விரைவில் தேறும். இலை வெளிறித் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் கண்டால், துத்தநாகக் குறைவென்று கொண்டு, 100 லிட்டர் நீரில் அரைக் கிலோ துத்தநாக ஸல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

வெள்ளம் தாங்கும் நெல் வகைகளைப் பற்றியும் அறிந்திருப்பது நல்லது. ஒரிஸ்ஸாவின் பழைய நெல்லாகிய எஃப்.ஆர். 13 ஏ என்பதில், மூழ்கினாலும் வளர்ச்சியை நிறுத்தி உயிரைக் காத்துக்கொள்ளும் குணமுண்டு. ‘சப் 1’ எனப்படும் அக்குணத்தைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஏனைய நெல் வகைகளுக்கு ஏற்றினர். ‘சுவர்ணா சப் 1’ 2009-ம் வருஷம் இந்தியாவில் வெளியிடப்பட்டது, ‘சி.ஆர். 1009 சப் 1’ தமிழ்நாட்டில் பயிராகிறது. இவை இரண்டு வாரம் வரையில் மூழ்கியிருந்தும் பிழைக்கின்றன. ஆனால் இவை நீண்ட நாளையப் பயிர்களாதலால், நீர்ப்பாசனக் கெடுவையும் அறுவடைக் காலத்தையும் யோசித்தே இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆத்தூர்க் கொடிக்கால்

2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலைக்கு அதே வருஷத்தின் இறுதியில் இவ்வெள்ளம் வந்தது. வெற்றிலைக் கொடி ஈரத்தை விரும்புமேயன்றித் தேங்கிய நீரைப் பொறாது. நீர் வடிந்தபின் கொடியின் அடிப்பாகம் கறுத்து அழுகி, இலைகள் தொங்கி வாடுமானால் அழுகல் நோய் பற்றிவிட்டதென்று அறியலாம். அத்தகைய கொடிகளை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, மற்றக் கொடிகளின் அடியில் கால் சதவீதப் போர்டோக் கலவையை ஊற்ற வேண்டும்.

அதைத் தயாரிக்கும் முறை வருமாறு: 250 கிராம் மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில் ஒரு பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். 250 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பை மற்றொரு பாத்திரத்தில் நீற்றி, 50 லிட்டர் நீரில் கலக்க வேண்டும். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றி இடைவிடாமல் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றலாகாது, இரும்பு, தகரப் பாத்திரங்களை உபயோகிக்கவும் கூடாது. கலவையில் ஒரு சுத்தமான கத்தியைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்தால், அதில் செம்பு படியுமானால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே உபயோகித்துவிட வேண்டும். மருந்து ஊற்றியபின் சில நாட்கள் இலை கிள்ளாதிருப்பதும் அவசியம்.

மணலும் உப்பும்

உடைப்பின் எதிரே உள்ள வயல்களில் மணல் படியும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த படிவை, ஆழ உழுது தொழுவுரம் இட்டு மண்ணோடு கலந்துவிடலாம். அதற்கு மேற்பட்டால் மணலை அகற்றியே ஆக வேண்டும். பேரிடர் நிவாரண விதிகளில் மணல் அகற்றுவதற்கு உதவித்தொகை தரப்படுவதும் மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட படிவுக்கே. ஆகையால் மணலை அள்ளுமுன் அதன் கனத்தை அளந்து, கிராம நிர்வாக அதிகாரியைக் கொண்டு பார்வையிடச் செய்து, படம் எடுத்து வைத்துக்கொள்வது நன்று. மெல்லிய வண்டல் படிந்திருந்தால் அது கேடன்று. மேற்பரப்பு இறுகிக் காற்றுப் புகாமலிருப்பதை உடைத்துவிட்டால் போதும்.

உப்பைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை. மழை வெள்ளம் நன்னீராதலால் அது உப்பைக் கழுவிவிடும் என்று எண்ணுகின்றனர். ஓடி வடிந்த நீர் அவ்வாறு செய்வது உண்மையே. ஆனால் கடற்கரையோரம் பல நாள் தேங்கி நின்ற நீர், அடியிலுள்ள உவர் நீரின் மட்டத்தை உயர்த்திவிடுகிறது. மாசி, பங்குனி வெயிலில் அந்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. வெள்ளத்துக்குப்பின் நன்றாக விளைந்த வயல், அடுத்த வருஷம் வெளுத்துப் போவதற்குக் காரணம் இதுவே. இதற்குப் பரிகாரம் நிலத்தைத் தரிசாக விடாமல் மூடி வைத்தலும், வடிகாலை ஆழப்படுத்தலும், ஆற்றில் நீருள்ளபோதே வயலில் நன்னீரை நிறுத்தி வடித்தலுமாகும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது மிகவும் பயன்படும். ஜிப்சம் எல்லா உவர் நிலத்துக்கும் வேண்டியதில்லை. மண்ணைச் சோதித்து, களர்த் தன்மை உண்டென்று கண்டபின்பே இட வேண்டும். கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியிலும் இலாகாவின் மண் பரிசோதனை நிலையங்களிலும் இதுபற்றி ஆலோசனை பெறலாம்.

கால்நடைகள்

வெள்ளம் வரும் அறிகுறி கண்டவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம், தொழுவத்திலுள்ள மாடுகளைக் கட்டவிழ்த்து மேட்டுக்குக் கொண்டு செல்லுதல். கயிற்றோடு கட்டுண்டபடியே மாடுகள் இறப்பது மிகவும் வருந்தத்தக்கது. வெள்ளத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கொடுக்கலாகாது. தேங்கிய நீரைக் குடிக்க விடலாகாது. தொண்டை அடைப்பான் நோய்க்கு மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவித்துக்கொள்ள வேண்டும். இறந்த பிராணிகளை நீர்நிலைகளுக்குத் தொலைவில் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவ வேண்டும்; ஆனால் புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் சான்று பெற்றுக்கொள்ள மறக்கலாகாது.

நிவாரணமும் அடங்கலும்

2023-ம் வருஷம் டிசம்பரில் சர்க்கார் அறிவித்தபடி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேதமடைந்த நெல் முதலிய பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாயும், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாயும் நிவாரணம் அளிக்கப்பட்டது. ஒரு பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாயும், ஓர் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன.

இவ்வுதவி எவருடைய கைக்குச் செல்கிறது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். பட்டாவில் ஒருவர் பெயரும், வயலில் உழைப்பவர் மற்றொருவருமாக இருப்பது இப்பள்ளத்தாக்கில் சாதாரணம். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோர் தங்கள் பெயரைப் பயிர் அடங்கலில் அவ்வப்போது பதிவு செய்துகொள்ளாவிடின், பயிர் போன நஷ்டம் அவர்களுக்கும், நிவாரணம் வேறொருவருக்குமாக முடியும். நில உடைமையாளர்களும் இதற்கு மறுப்புச் சொல்லாமல் ஒத்துழைப்பது நியாயமாகும். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் நகல் அவசியம். காப்பீட்டுக் கட்டணம், குளிர்காலத்து உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரையும், தோட்டப் பயிர்களுக்கு நூற்றுக்கு ஐந்துமாகும். வானம் கறுத்தபின் கட்டப் போவதில் பயனில்லை. விதைப்புக் காலத்திலேயே, அறிவிக்கப்பட்ட கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

ஆவணியும் புரட்டாசியும் வேலைக்குரிய மாதங்கள். அக்காலத்தில் ஒவ்வொரு குளத்தின் கீழுள்ள குடியானவர்களும் ஒன்றுகூடிக் குளத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். கரையில் எலி, நண்டு வளைகள் உண்டா, நீர் கசியும் இடம் எது, மரங்களின் வேர் கரையைப் பிளந்திருக்கிறதா, மடைப் பலகைகள் ஏறி இறங்குகின்றனவா, மறுகாலின் கீழே நீர் செல்லும் ஓடை எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பவற்றைக் கண்டு, தம்மால் ஆவதைச் செய்து, ஆகாததை நீர்வள இலாகாவுக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். உடைப்பை அடைக்க மணல் மூட்டைகளும் சவுக்குக் கழிகளும் கரைக்கு அருகிலேயே தயாராயிருக்க வேண்டும். உடைந்தபின் அவற்றைத் தேடிச் செல்லச் சாலை இராது.

கூச்சமின்றிச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கடைமடையில் கோடைக்கு நீர் போதாதென்ற அச்சத்தால், மறுகாலின்மேல் கல்லும் மண் மூட்டையும் அடுக்கி, குளத்தில் ஓர் அடி நீரைக் கூட்டித் தேக்குவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. அவ்வோர் அடி நீர் சாதாரண வருஷத்தில் பத்து நாள் பாசனத்துக்கு உதவலாம். பெருமழையில் அதுவே கரையை உடைக்கும். மறுகாலின் உயரத்தை நிர்ணயித்தவர்கள் கரையின் பலத்தை அளந்தே நிர்ணயித்தனர். நீர் அதிகம் வேண்டுமானால் குளத்தைத் தூர்வாரி ஆழமாக்குவதே முறை. மறுகாலை உயர்த்துவது முறையன்று. அவ்வாறே வடிகாலின் ஓரத்தை வெட்டி வயலோடு சேர்த்துக்கொள்வதும், அதில் மண் போட்டு வாழை வைப்பதும், தன் தோட்டத்தைத் தானே மூழ்கடிப்பதாகும். வடிகாலில் சேர்த்துக்கொண்ட இரண்டு வரிசை வாழைக்காக, நூறு ஏக்கர் ஐந்து நாள் நீரில் நிற்க நேர்கிறது.

வாய்க்காலை வெட்டுவதற்கு எல்லாரும் வருகின்றனர். வடிகாலை வெட்டுவதற்கு வருவோர் சிலரே. வாய்க்கால் அவரவர் வயலுக்கு நீர் கொண்டு வருகிறது. வடிகாலோ பிறர் வயலின் நீரையும் கொண்டு செல்கிறது. ஆகையால் அதைத் தனி ஒருவர் செய்ய முற்படமாட்டார். முற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் கூடிச் செய்துவந்ததும், இப்போது நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் செய்ய வேண்டியதும் இத்தகைய பொதுக் காரியங்களே. ஒவ்வொரு சங்கமும் தன் வரவில் ஒரு பகுதியை வடிகாலுக்கென்றே ஒதுக்கி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புன்னக்காயல் வரையிலுள்ள சங்கங்கள் ஒரே வாரத்தில் வேலையைத் தொடங்குமானால், மேலூரார் வடித்த நீர் கீழூரில் தேங்கும் என்ற வழக்கும் எழாது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. கடைமடையில் வசிப்போர் அதனோடு, வெள்ளம் வருமுன் அது போகும் வழியையும் திறந்து வைக்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்வார்களாக. இவ்வருஷம் புரட்டாசிக்குள் தங்கள் ஊர் வடிகாலைத் தலைப்பிலிருந்து கடல் வரையில் ஒருமுறை நடந்து பார்த்து வருமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.